மாஸ்டரை மாடிக்குத் தூக்கிய தரகர்

நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவள் நான். பிறரைப் புரட்டி, துடைத்து, உட்காரவைத்து, நடக்கவைத்தே தலை நரைத்துவிட்டது. இந்த வேலை பார்ப்பவள் லேசில் வாய் பிளக்க மாட்டாள். பெரிய மனிதர்களின் முதுகையும் சின்ன மனிதர்களின் முதுகையும் ஒரே துணியால் துடைத்தவளுக்கு யாரைப் பார்த்து மலைப்பு வரும்? அப்படியும் ஒருவர் என்னை மலைக்க வைத்தார். அவர் டாக்டர் இல்லை. வீட்டுத் தரகர்.

ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ரெட்டை நாக்கு’ என்றால்தான் தெரியும். வழக்கமாக வீட்டை விற்கிறவருக்கு ஒரு தரகர் இருப்பார், வாங்குகிறவருக்கு ஒரு தரகர் இருப்பார். இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள், வேலை முடியும். இவர் மட்டும் ஒரே வீட்டுக்கு இரண்டு பக்கமும் தானே நிற்பார். விற்கிறவருக்கும் இவர்தான், வாங்குகிறவருக்கும் இவர்தான். ஒரே வாய் இரண்டு பேருக்காகப் பேசினால், யாராவது ஒருவரிடம் பொய்தானே பேசியாக வேண்டும் என்பது ஊராரின் நியாயம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

டீக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் கேட்பார்: “என்ன ரெட்டை நாக்கு, இன்னைக்கு டீ எந்த நாக்குக்கு?”

“ஒரே டீதான் போடு. சர்க்கரையை மட்டும் ரெண்டு பங்கா போடு” என்பார் அவர். கோபம் என்பதே வராது. எனக்கு அதுவே சந்தேகமாக இருக்கும். இவ்வளவு பேச்சு வாங்கியும் சிரிக்கிறவன் ஒன்று மகானாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய திருடனாக இருக்க வேண்டும்.

ஆள் குள்ளம். தோள் மட்டும் கதவு அகலம். தரகராவதற்கு முன் வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் லாரியில் சுமைதூக்கியாக இருந்தார். பீரோவையும் கட்டிலையும் முதுகில் சுமந்து மாடி மாடியாக ஏறியவர். இடுப்பு பிடித்துக்கொண்டதும் லாரியை விட்டார். எந்தத் தெருவில் எந்த வீடு காலி, எந்த வீட்டில் மழைக்கு ஒழுகும் என்பதெல்லாம் அதற்குள் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. அதை வைத்துத் தரகு வேலையில் இறங்கினார்.

அவர் மனைவியை ஒருமுறை சந்தையில் பார்த்தேன். “வீட்லயும் இதே கதைதான் சிஸ்டர். எனக்கும் மாமியாருக்கும் வாக்குவாதம்னா நடுவுல வந்து நிப்பாரு. ரெண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டி முடிச்சதும் எங்க சண்டையும் முடிஞ்சிரும்” என்றாள். புகாரா பெருமையா என்று அவள் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அவருடைய வேலையை நான் கிட்ட இருந்து பார்த்தது தையல் மாஸ்டரின் வீட்டில்.

மாஸ்டருக்கு முதுகெலும்பில் கோளாறு வந்து இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. வாய் மட்டும் முன்பைவிட நன்றாக வேலை செய்தது. பகல் முழுக்க அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாடி இல்லாத வீடு. முன்னறைதான் அவர் கடையாக இருந்தது. துணி வெட்டும் நீள மேசை, உறை போட்டு மூடிய தையல் இயந்திரம், தெருவைப் பார்த்த ஜன்னல். அந்த ஜன்னலோரம்தான் அவர் உட்கார்ந்திருப்பார். நாற்காலியின் உயரத்துக்குத் தெருவில் போகிறவர்களின் முகம் தெரியாது, இடுப்புதான் தெரியும். அது போதும் அவருக்கு. “வாத்தியார் பெருத்துட்டார். போன மாசம் பெல்ட்டு நாலாவது ஓட்டையில இருந்தது” என்பார்.

வெளியூரில் இருந்த மகள், “இனிமே நீங்க தனியா இருக்க வேணாம்ப்பா, வீட்டை வித்துட்டு எங்ககூட வந்துடுங்க” என்றாள். மாஸ்டர் போனில் சரி சரி என்றார். வீடு பார்க்க ஆள் வந்தால் மட்டும் ஏதாவது சொல்லித் துரத்தினார். ஒருவரிடம் சுவரெல்லாம் ஈரம் என்றார். இன்னொருவரிடம் பக்கத்து வீட்டு நாய் கடிக்கும் என்றார். பக்கத்து வீட்டில் நாயே கிடையாது. வந்த தரகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டதும் மகள் ரெட்டை நாக்கைப் பிடித்தாள்.

அவர் வந்த அன்று செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காராமல், உள்ளங்கையைச் சுவரில் வைத்து அறை அறையாக நடந்தார். நான் ஒருவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது.

“மாஸ்டர், ஈரம்னு சொன்னீங்களாமே, எந்தச் சுவர்ல?”

“எல்லாச் சுவர்லயும்தான்.”

“இல்ல. பீரோவுக்குப் பின்னாடி மட்டும்தான் இருக்கு. அங்க நெஜமாவே இருக்கு. வர்றவங்ககிட்ட அதைச் சொல்லிடணும்.”

பொய் சொன்ன இடத்தில் நிஜமாகவே ஈரம் இருந்ததில் மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஏன்யா, நீ என் ஆளா, வாங்க வர்றவன் ஆளா?”

“இப்போதைக்கு உங்க ஆள். வாங்குறவங்களையும் நானே கூட்டிட்டு வந்தா அவங்க ஆளும்தான். அதனால ரெண்டு விஷயம். விலையில எவ்வளவு வரைக்கும் இறங்கி வருவீங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாதீங்க. அவங்க எவ்வளவு வரைக்கும் ஏறுவாங்கன்னு அவங்ககிட்டயும் கேக்க மாட்டேன். காதுல விழுந்துட்டா விழுந்ததுதான். மனசுக்குள்ள வச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் நேரா பேச எனக்கு வராது.”

“இன்னொண்ணு?”

“கையெழுத்துக்கு முன்னாடி, வாங்குறவங்க இப்ப குடியிருக்கிற வீட்டை நீங்க ஒரு தடவை போய்ப் பாக்கணும்.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். வாங்குகிறவர் விற்கிறவரின் வீட்டைப் பார்ப்பதுதான் உலக வழக்கம். இது என்ன தலைகீழாக?

“பொண்ணு பாக்கப் போறதா இது?” என்றார் மாஸ்டர்.

“லாரியில இருந்தப்ப பாத்தது மாஸ்டர். ஒரே நாள்ல, சாமான் ஏத்துற வீட்டையும் பாப்பேன், இறக்குற வீட்டையும் பாப்பேன். ரெண்டையும் பாக்குறது சுமைதூக்குறவன் மட்டும்தான். விக்கிறவங்களுக்குத் தன் வீடு போறது மட்டும்தான் தெரியும். அது யார்கிட்ட, எங்கேருந்து வர்றவங்ககிட்ட போகுதுன்னு தெரியாது. அதான் கடைசி நாள்ல பதிவு ஆபீஸ் வாசல்ல நின்னு மனசு மாறுறாங்க. போய்ப் பாத்துட்டு வந்தவங்க இதுவரைக்கும் யாரும் மாறினதில்ல.”

காரியக்காரத்தனமான பதில். எனக்குப் பிடித்தது. ஆனாலும் முழுசாக நம்பவில்லை.

அவர் கூட்டிவந்த ஆள் ஒரு பெண். டவுன் பஸ் ஓட்டுகிறவள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை, ஒரு பேச்சுக்கு ஒரு பதில். வீட்டுக்குள் வந்ததும் அறைகளைப் பார்க்கவில்லை. வாசல் நிலையின் அகலத்தைக் கையை விரித்து அளந்தாள். பிறகு வாசலிலேயே தரையில் சப்பென்று உட்கார்ந்து, அங்கிருந்து தெருவைப் பார்த்தாள்.

“என்னம்மா, மயக்கமா?” என்றார் மாஸ்டர்.

“இல்லைங்க. எங்கம்மா நாற்காலியில உட்கார்ந்தா எது எது கண்ணுக்குத் தெரியும்னு பாத்தேன். அம்மாவுக்கு முட்டி ரெண்டும் போயிடுச்சு. நாங்க இருக்கிறது இதே தெருக் கடைசியில, மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. ஆஸ்பத்திரியிலேருந்து மேல தூக்கிட்டுப் போனதோட சரி. அதுக்கப்புறம் அம்மா தரையை மிதிக்கல.”

தரகர் பீரோவுக்குப் பின்னால் இருந்த ஈரத்தைக் காட்டினார். அவள் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். “பூசிக்கலாம். படியைத்தான் பூச முடியாது” என்றாள்.

மாஸ்டருக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிடித்ததுதான் வினை. துரத்துவதற்குக் காரணம் கிடைக்கவில்லை. அவள் போனதும் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. மாத்திரையை விழுங்காமல் நாக்கின் அடியில் ஒளித்துக்கொள்ளும் நோயாளியின் முகம் அப்படித்தான் மலரும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

“ஏன்யா, அவங்க வீட்டைப் பாக்காம கையெழுத்து இல்லைன்னு சொன்னது நீதானே?”

“நான்தான் மாஸ்டர்.”

“மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. எனக்கு ரெண்டு காலும் இல்ல. ஆக, என்னால பாக்க முடியாது. பாக்காம கையெழுத்துப் போட முடியாது. நான் என்னய்யா பண்றது? நீ போட்ட சட்டம்!”

நான் சிரித்துவிட்டேன். தன் பூட்டிலேயே மனிதர் மாட்டிக்கொண்டார். ‘உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு மாஸ்டர்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

“சரிதான் மாஸ்டர். பாக்கணும்னா பாத்துத்தான் ஆகணும்” என்றார். என் பக்கம் திரும்பினார். “சிஸ்டர், இவரைத் தூக்க முடியுமா?”

“கைப்பிடி வச்ச நாற்காலி, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் பெல்ட், மேல ஒரு ஆள், கீழ ஒரு ஆள். நான் கூடவே வருவேன். முடியும். ஆனா பீரோ தூக்குற மாதிரி தூக்கக் கூடாது.”

“பீரோ பேசாது சிஸ்டர். அது ஒண்ணுதான் வித்தியாசம்.”

மாஸ்டரின் சிரிப்பு நின்றுவிட்டது.

தூக்குவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு சம்பவம் நடந்தது. கிடங்கு கட்ட இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு வியாபாரி தரகரைப் பிடித்து, மாஸ்டர் வீட்டுக்கு டிரைவரம்மா சொன்னதைவிட அதிகம் தருகிறேன் என்றாராம். அவருக்கு வீடு வேண்டாம். இடித்துவிட்டு மனையை எடுத்துக்கொள்வார்.

இங்கேதான் ரெட்டை நாக்கு எப்படிப் புரளும் என்று பார்க்கக் காத்திருந்தேன். மாஸ்டரிடம் சொல்லாமல் மறைத்தால் மாஸ்டருக்குத் துரோகம். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வீடு போய்விடும். அவர் டிரைவரம்மாவையும் வரச் சொன்னார். மாஸ்டர் ஜன்னலோரம், அவள் வெட்டு மேசையோரம், அவர் நடுவில் ஒரு முக்காலியில். ஒரே மூச்சில், இரண்டு பேர் முன்னாலும், வியாபாரி சொன்ன விலையைச் சொன்னார்.

அவள் எழுந்துவிட்டாள். “என்னங்க இது? என் ஆளுன்னு சொன்னீங்க!”

“உங்க ஆள்தாம்மா. அதனாலதான் உங்க முன்னாடி சொல்றேன்.”

மாஸ்டரும் சேர்ந்துகொண்டார். “தனியா என் காதுல போட்டிருக்கக் கூடாதாய்யா? அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாரு.”

“தனியா சொல்லியிருந்தா மாஸ்டர், நாளையிலேருந்து நான் அவங்ககிட்ட பேசுற ஒவ்வொரு பேச்சும் பொய்யாயிடும். சொல்லாமலே விட்டிருந்தா உங்ககிட்ட பேசுறது பொய்யாயிடும்.”

“என்னால இதுக்கு மேல” என்று அவள் ஆரம்பித்தாள். அவர் படக்கென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “அம்மா, எனக்குச் சொல்லாதீங்க! சொல்றதா இருந்தா அவரைப் பாத்துச் சொல்லுங்க, நான் வெளிய போயிடறேன்!” வயதான குரங்கு ஒன்று உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அந்த நிலைமையிலும் மாஸ்டர் குலுங்கிச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. வாசல் வரை போய்த் திரும்பினாள். “ஞாயித்துக்கிழமை தூக்குறதா சொன்னீங்களே, வருவீங்கதானே?”

“விலை விஷயம் இப்படி ஆனதுக்கு அப்புறமுமா?” என்றார் மாஸ்டர்.

“விலை அது பாட்டுக்கு இருக்கட்டும். வீட்டுக்கு ஒருத்தர் வர்றாருன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். எங்க வீட்டுக்கு யாரும் வந்து ரொம்ப நாளாச்சு. வராம இருந்துடாதீங்க.”

அன்று மாலை முழுக்க இரண்டு பக்கத்துத் திட்டும் அந்த மனிதருக்குத்தான். அவர் போனதும் மாஸ்டர் திட்டினார். அவள் பஸ் ஸ்டாண்டு வரை திட்டிக்கொண்டே நடந்தாளாம். அவரோ ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தக் கயிறு நல்லது என்று யோசித்துக்கொண்டே பக்கத்தில் நடந்தாராம்.

மகளுக்கு விஷயம் தெரிந்து போன் வந்தது. “அப்பா, உங்களுக்கென்ன பைத்தியமா? அந்த ஆள் உங்களை மூட்டை மாதிரி தூக்குறதா? சிஸ்டர், நீங்களாவது சொல்லக் கூடாதா?”

“பெல்ட் கட்டித்தான் தூக்குவோம்மா, விழமாட்டார். விழுந்தா எல்லாரும் சேர்ந்துதான் விழுவோம்” என்றேன். மாஸ்டர் போனைப் பிடுங்கி, “வேணாம்னுதான் நானும் சொல்றேன்” என்றார். சொன்னாரே ஒழிய, ஞாயிறு காலையில் எனக்கு முன்னாலேயே விழித்து, இஸ்திரி போட்ட சட்டை கேட்டார்.

தெரு வழியாக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனோம். மாடிப்படி குறுகல். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். படியில் ஏற்றும்போது நோயாளியின் முதுகு மேல்பக்கம் இருக்க வேண்டும், முகம் இறங்குகிற பக்கம். மேலே நிற்பவர் பின்னோக்கி ஏற வேண்டும். கீழே நிற்பவரிடம்தான் பாரம் அதிகம். டிரைவரம்மா மேலே நின்றாள். தரகர் கீழே போனார். இடுப்பு பிடித்த மனிதர் என்பதால் நான் தடுத்தேன்.

“கீழ்ப்பக்கம் எனக்குப் பழக்கம் சிஸ்டர்” என்றார்.

விற்கிறவர் நடுவில். வாங்குகிறவள் மேலே. இரண்டு பேருக்குமான தரகர் கீழே. “ஒண்ணு, ரெண்டு, ஏத்து” என்று நான் சொல்லச் சொல்ல ஒரு படி ஏறும். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் திருப்பத்தில் இறக்கி மூச்சு வாங்கினோம். தரகரின் முகத்துக்கு நேரே மாஸ்டரின் முகம்.

“யோவ், கிடங்குக்காரனுக்குக் குடுத்திருந்தா இந்தப் பாடெல்லாம் இல்ல. உனக்கும் கமிஷன் ஜாஸ்தி.”

“ஆமா மாஸ்டர்.”

“அப்புறம் என்ன?”

“அவர் வீட்டையும் பாக்கணும்ல. அவருக்கு எத்தனை மாடியோ” என்றார் அவர். மாஸ்டர் கண்ணைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு மூடவில்லை.

நான் எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கிறேன், தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். பயிற்சி பெற்ற ஆண்கள்கூடக் களைத்ததும் ஒரு பக்கம் சாய்வார்கள், நாற்காலி கோணும், உட்கார்ந்திருப்பவர் பதறுவார். அந்தக் குள்ள மனிதரின் கையில் நாற்காலி கடைசிப் படி வரை தண்ணீர்ச் செம்புபோல அசங்காமல் போனது. நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. வாய் மட்டும் “நல்லாயிருக்கீங்களா மாஸ்டர், மேல நல்லாயிருக்கீங்களா டிரைவரம்மா” என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டே வந்தது. எண்ண மறந்து ஒரு படியில் நான் வாயடைத்து நின்றுவிட்டேன். “சிஸ்டர், எண்ணுங்க” என்று மாஸ்டர்தான் அதட்டினார்.

மேலே கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெரிய உடம்பு, ஜன்னலோரம், நாற்காலியில். டிரைவரம்மாவின் தாய். விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தவர்.

“யாரடி அது, சாமான் ஏத்துறீங்களா?” என்றார்.

“நான்தாம்மா சாமான்” என்றார் மாஸ்டர்.

அந்த அம்மாள் குலுங்கிச் சிரித்ததில் நாற்காலி கிரீச்சிட்டது. மாஸ்டரை அதே ஜன்னலோரம், அவருக்கு எதிரே இறக்கினோம். ஒரு அறையும் ஒரு சமையலிடமும்தான் வீடு. சுவர் சுத்தம். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை, பிடித்துக்கொண்டு நகர ஒரு கயிறு கட்டியிருந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். கை படும் இடங்களில் கயிறு கறுத்து வழவழத்திருந்தது.

“பொழுது எப்படிப் போகுது?” என்று மாஸ்டர் கேட்டார்.

“தெருவைப் பாப்பேன். இங்கேருந்து யார் முகமும் தெரியாது. உச்சந்தலைதான். வாத்தியாருக்கு நடு மண்டையில முடி கொட்டுது. அவருக்கே தெரியாது, எனக்குத் தெரியும்.”

“அவருக்கு இடுப்பும் பெருத்துடுச்சு” என்றார் மாஸ்டர்.

இரண்டு பேரும் அந்தத் தெருவையே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார்கள். இவருக்கு இடுப்பு, அந்த அம்மாளுக்குத் தலை. பால்காரர் யார், தபால்காரர் யார் என்று பொருத்திப் பார்த்துச் சிரித்தார்கள். தரகர் கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“உங்க வீடு எது?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

மாஸ்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தன் வீட்டை மேலேயிருந்து அவர் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் தேடினார். “அந்த நீலத் தகரக் கூரை.”

“அதுவா! அது மேல ஒரு குழந்தைச் செருப்பு கிடக்கே, ஒத்தைச் செருப்பு. ரொம்ப நாளா கிடக்கு. காத்து அடிச்சா நகரும், மறுபடி அங்கேயே வரும்.”

மாஸ்டர் தன் தலைக்கு மேல் இத்தனை நாள் கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கணும்” என்றார் அந்த அம்மாள். விலையைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். டிரைவரம்மாவும் அப்படித்தான் நினைத்து, “அம்மா” என்று அடக்கினாள். “உங்க வாசல்ல, வெயில் நேரத்துல தரை சுடுமா?”

“சுடுமா?” என்று மாஸ்டர் திருப்பிக் கேட்டார். யோசித்தார். அவர் காலுக்குத்தான் எதுவும் தெரிவதில்லையே. “எனக்குத் தெரியலையேம்மா. முன்னாடி சுட்டிருக்கும். நான் கவனிக்கல.”

கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. பெல்ட்டை இறுக்கப் போனேன். மாஸ்டர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“என்னை அப்புறம் இறக்கலாம். தூக்குற நாற்காலி ஒண்ணுதானே இருக்கு? முதல்ல இவங்களை இறக்குங்க. வாசலைப் பாத்துட்டு வரட்டும்.”

“நீங்க?”

“நான் இங்க இருக்கேன். பிணையா.”

தரகர் படியிலிருந்து எழுந்து வந்தார். அந்த அம்மாள் மாஸ்டரைவிட இரண்டு மடங்கு இருப்பார். இறக்குவது ஏற்றுவதைவிட ஆபத்து. தரகர் என்னைப் பார்த்தார், நான் அவர் கைகளைப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தன. அவர் சட்டையின் கையை இழுத்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு கீழ்ப்பக்கம் போய் நின்றார்.

நோயாளியைத் தனியே விடுவது என் தொழிலுக்கு ஆகாது. எதிர் வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு மாஸ்டர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, எண்ணிக்கொண்டே இறங்கினேன். அந்தத் தாய் ஒவ்வொரு திருப்பத்திலும், “விட்டுடாதீங்கப்பா, விட்டுடாதீங்க” என்றார். “எங்க விடுறது அம்மா, விட்டா உங்க பொண்ணு என் மேல பஸ்ஸை ஏத்திடுவாங்க” என்றார் தரகர், மூச்சு வாங்கியபடி.

மாஸ்டரின் வாசலுக்கு ஒரு அடி முன்னால் நாற்காலியை நிறுத்தச் சொன்னார் அந்த அம்மாள். செருப்பைக் கழற்றச் சொன்னார். வீங்கிய பாதம் இரண்டையும் மெதுவாகக் கீழே வைத்தார். நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.

“சுடுதுடி” என்றார் மகளிடம். காலை எடுக்கவில்லை.

பிறகு நிமிர்ந்து தெருக் கடைசியைப் பார்த்தார். “என் ஜன்னலா அது? அவ்வளவு சின்னதா?” அந்தச் சின்ன ஜன்னலில் ஒரு கை அசைந்தது. மாஸ்டர். தன் வாசலில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதை அவர் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தோன்றியது என்று பிற்பாடு கேட்டேன். “வாசல் காலியா இல்லையேன்னு தோணுச்சு. வேற ஒண்ணுமில்ல” என்றார்.

வெயில் சாய்ந்ததும் அவரை இறக்கிக் கொண்டுவந்தோம். அந்தத் தாய் அதற்குள் மாஸ்டரின் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் எதிரே நிறுத்தச் சொன்னார்.

“யோவ், இவங்களுக்குத்தான்” என்றார் தரகரிடம்.

அப்போதாவது மனிதர் சந்தோஷப்பட்டிருக்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு, “மாஸ்டர், கிடங்குக்காரர் தர்றது அதிகம். உங்க ஆளா அதை இன்னொரு தடவை சொல்ல வேண்டியது என் கடமை” என்றார்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“அப்போ போய்ப் பத்திர வேலையைப் பாரு.”

டிரைவரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தாய் மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. “நான் இனிமே மேல வர்ற உத்தேசமில்ல. இங்கேயே இருக்கேன்” என்றார்.

“அம்மா! இன்னும் பதிவே ஆகல!”

“ஆகும்போது ஆகட்டும். நான் ஒரு ஓரமா இருந்தா வீடு தேஞ்சிடுமா?”

“இருக்கட்டும்மா, முன்னறையில இடம் கிடக்குதானே” என்றார் மாஸ்டர்.

தரகர் பதறிவிட்டார். அவர் பதறி நான் பார்த்தது அந்த ஒரே முறைதான். மாஸ்டர் பக்கம் குனிந்தார். “மாஸ்டர், உங்க ஆளா சொல்றேன். பதிவுக்கு முன்னாடி யாரையும் உள்ள விடாதீங்க. அப்புறம் ஏதாவது தகராறுன்னா வெளிய அனுப்ப முடியாது.” உடனே திரும்பி அந்தத் தாயிடம் குனிந்தார். “அம்மா, உங்க ஆளா சொல்றேன். பதிவுக்கு முன்னாடி குடி வராதீங்க. அவர் மனசு மாறினா மறுபடி மேல ஏறணும்.”

இரண்டு பேரும் அவர் சொன்னதை முழுசாகக் கேட்டார்கள். பிறகு மாஸ்டர், “பால்காரர் வர்ற நேரம், பாருங்க” என்று அந்த அம்மாளிடம் ஜன்னலைக் காட்டினார். தரகர் நடுவில் குனிந்தபடியே நின்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

அவர் நிமிர்ந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டார். “அம்மாவோட மாத்திரை, தலையணை எல்லாம் மேலதானே இருக்கு?” என்று டிரைவரம்மாவிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த உடம்பு அன்று அந்தப் படியை எப்படி மறுபடி ஏறப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் படிப்பில் அதற்குப் பாடம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்ன ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. டிரைவரம்மாவின் போன் அடித்தது. “எந்தத் தலையணைன்னு கேக்குறாரும்மா. ரெண்டு இருக்காம்.”

“ரெண்டையும் எடுத்துட்டு வரச் சொல்லு. ஒண்ணு இந்தத் தையக்காரருக்கு. இவர் முதுகுக்கு வச்சிருக்கிறது கல்லு மாதிரி இருக்கு” என்றார் அந்தத் தாய். அது உண்மைதான். நான் அதை மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தலையணையோடு அவர் வந்தார். ஆளுக்கு ஒன்று கொடுத்தார். நான் அவரை முக்காலியில் உட்காரவைத்து, கொப்புளங்களைக் கழுவி மருந்து போட்டுத் துணி சுற்றினேன். ஒரு கை முடிந்து இன்னொரு கைக்கு வருவதற்குள், “மாஸ்டர், நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? அம்மா, உங்களுக்கும்தான்” என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்.